லிங்க்ஸும் புறம்போக்கும்: கடற்கரைக் கோல்ஃப் விடுமுறை குறித்துச் சில சொற்கள்

 

மார்கழி நெருங்கும்போது பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு தொடர் தவறாமல் தலைகாட்டுகிறது: கடற்கரையில் குளிர்கால கோல்ஃப் விடுமுறை. கோவா, இலங்கையின் தென்கரை, தாய்லாந்தின் ஹுவா ஹின், போர்ச்சுகலின் அல்கார்வே என்று இடங்கள் மாறுகின்றன, படம் மாறுவதில்லை. ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் பச்சைப்புல், நடுவே ஆளில்லாத வெளி. அந்த வெளி எவ்வாறு ஆளில்லாததாயிற்று என்பதே என் கேள்வி. மொழியியல் பயின்றவர்கள் சொல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். நானும் அவ்வாறே தொடங்குகிறேன்.

கடலோர கோல்ஃப் திடலுக்கு ஆங்கிலத்தில் ‘லிங்க்ஸ்’ என்று பெயர். இணைப்பு என்னும் பொருளில் நாம் நாள்தோறும் வழங்கும் சொல் வேறு, இது வேறு. மேடு, கரை என்னும் பொருளுடைய ‘ஹ்லிங்க்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது இது. ஸ்காட்லாந்து வழக்கில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் மணற்பாங்கான புல்வெளியைக் குறித்தது. உழவுக்கு உதவாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊரார் துணி உலர்த்துவர். யாருடைய தனியுடைமையாகவும் அது கருதப்படாததால்தான் அங்கே விளையாட்டும் பிறந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் வரலாறு இதற்குச் சான்று. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய சாசனம், அங்குள்ள கடற்கரை நிலத்தில் முயல் வளர்க்கும் இசைவைப் பெற்றுக்கொண்டு, அதே நிலத்தில் ஊர்மக்கள் கோல்ஃபும் பிற ஆட்டங்களும் ஆடும் உரிமையை ஒப்புக்கொண்டது. 1797இல் கடனில் மூழ்கிய நகர நிர்வாகம் நிலத்தை விற்க, அது முயல் வணிகர் கைக்குப் போயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் முயல் வணிகர்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் பூசல் நடந்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலவுடைமையாளர் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு நகரமே அதை மீட்டுக்கொண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. உலகின் புகழ்மிக்க அந்தப் பழைய திடலில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், சில பெரிய போட்டிகளின்போது தவிர, ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதன் குறுக்கே நடந்து போகிறார்கள்.

இத்தகைய நிலத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. புறம்போக்கு. வரித்தீர்வைக்குப் புறத்தே நிற்பது. ஆகவே பொதுவில் புழங்குவது. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வலை உலர்த்தும் கடற்கரைப் புறம்போக்கு எல்லாம் இதில் அடக்கம். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எங்கள் குடிபாலாப் பகுதியில் இச்சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆந்திர வருவாய்ப் பதிவேட்டிலும் அது ‘போரம்போக்கு’ என்றே இருக்கிறது. இரண்டு மொழிகளிலும் அது வசைச்சொல்லாகவும் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தன்மையுடைய நிலத்தைக் குறித்த இரண்டு சொற்கள். லிங்க்ஸ் என்பது செல்வந்தரின் ஓய்வைக் குறிக்கும் சொல்லாக ஏற்றம் பெற்றது. புறம்போக்கு என்பது உதவாக்கரையைக் குறிக்கும் சொல்லாகத் தாழ்ந்தது. முன்னதை உயர்பொருட்பேறு என்றும் பின்னதை இழிபொருட்பேறு என்றும் வகுப்பறையில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் சொல் தானாகத் தாழ்வதில்லை. வரி தராத நிலத்தைப் பயனற்ற நிலமாகக் காணும் ஆட்சியின் கண்ணோட்டம், அந்நிலத்தில் பிழைத்தவர்கள் மீதும் படிந்தது, அதுவே வசையாயிற்று. எண்ணூர்க் கழிவெளியில் படமாக்கப்பட்டு 2017இல் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ இந்த வசையைத் திருப்பிப் போட முயன்றது. அதற்கு முன்பே, 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தது.

இனி, ‘குளிர்காலம்’ என்ற சொல். வட ஐரோப்பியர் பனியிலிருந்து தப்பி வெயிலைத் தேடி வரும் மாதங்கள் அவை. நம் மரபில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுது ஆறு. வேறு சில திணைகளுக்குக் குறிப்பிட்ட பெரும்பொழுதுகளைச் சொல்லும் மரபு, நெய்தலுக்கு ஆறையும் உரியதாக்குகிறது. கடற்கரையில் வாழ்பவர்க்கு ஆண்டு முழுவதும் அது வாழிடம் என்பதன் இலக்கண வடிவமாக இதை நான் வாசிக்கிறேன். ‘சீசன்’ என்ற சொல்லோ, கடற்கரையை வருவோரின் நாட்காட்டிக்கு ஏற்ப வெட்டுகிறது. கிழக்குக் கரை மீனவர்க்கும் ஒரு நாட்காட்டி உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழையின் புயல் மாதங்கள் உண்டு. எந்தப் பயண விளம்பரமும் இந்த நாட்காட்டியை அறியாது.

பருவத்தைப் பற்றிப் பேசினால் நீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பதினெட்டுக் குழிகள் கொண்ட திடலுக்கு ஏறத்தாழ ஐம்பது, அறுபது ஹெக்டேர் நிலம் தேவை. ஸ்காட்லாந்தில் அதற்கு மழை நீர் ஊற்றியது. வறண்ட கரையில் குழாய்தான் ஊற்ற வேண்டும். குளிர்கால கோல்ஃபுக்குப் பெயர்பெற்ற அல்கார்வே கடும் வறட்சியில் சிக்கியபோது, 2024இன் தொடக்கத்தில் போர்ச்சுகல் அரசு அங்கே வேளாண்மைக்கான நீரில் 25 விழுக்காட்டையும், சுற்றுலா உள்ளிட்ட நகர்ப்புறப் பயன்பாட்டில் 15 விழுக்காட்டையும் குறைப்பதாக அறிவித்தது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பத்து விழுக்காட்டில் ஓர் அரசியல் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போகும் சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நம் அருகிலுள்ள சான்றுகளுக்கு வருவோம். கோவாவின் வடகோடியிலுள்ள தேரேக்கோல் என்ற சிற்றூரில் கோல்ஃப் திடலோடு கூடிய விடுதி திட்டமிடப்பட்டபோது, அங்கே பயிரிட்டு வந்த குத்தகை உழவர்கள் எதிர்த்து நின்றனர், வழக்குகள் தொடர்ந்தன. இலங்கையின் வறண்ட வலயத்திலுள்ள அம்பாந்தோட்டைக் கடற்கரையில் 2016இல் பதினெட்டுக் குழித் திடலுடன் பெரிய விடுதியொன்று திறக்கப்பட்டது. 1993 ஏப்ரலில் மலேசியாவின் பினாங்கிலிருந்து உலக கோல்ஃப் எதிர்ப்பு இயக்கம் தொடங்கப்பட்டதை நினைவில் கொண்டால், ஆசியக் கரைகளின் இந்தக் கேள்விக்கு முப்பது வயது கடந்துவிட்டது தெரியும்.

குடிபாலாவுக்கு மிக அருகிலுள்ள பெருங்கடற்கரை நகரம் சென்னை. அங்கே கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவே நெடுங்காலமாக ஒரு கோல்ஃப் திடலும் இருந்து வந்தது. 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 614 ரூபாய் வாடகையில் பந்தய மன்றத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்ட 160.86 ஏக்கர் நிலம் அது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து அந்நிலத்துக்குச் சீல் வைத்தது. வழக்குகள் எழுந்தன, அவற்றின் நியாயங்களை நீதிமன்றங்கள் ஆராயட்டும். என் கவனம் வேறொன்றில். நிலம் கைக்கு வந்ததும் செய்யப்பட்ட முதற்பணிகளுள் ஒன்று, வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் பாய்வதைத் தணிக்க அங்கே குளங்கள் வெட்டியது. கோல்ஃப் ஆடுவதற்கு இதமான மாதங்களை ஒட்டித்தான் சென்னையில் வெள்ளமும் வருகிறது. ஆளில்லாத பசுமை என்று வெளியிலிருந்து தெரிந்தது, நகரத்தின் நீர் தங்குவதற்கான இடமாகவும் இருக்கக்கூடியது என்பதை 2015க்குப் பின் யாரும் மறுக்க முடியாது.

எங்கள் பகுதிக்கு இது தொலைவிலுள்ள கதையன்று. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, நெல்லூர் மாவட்டத்தின் சில பகுதிகளும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் உருவானபோது, அதற்குக் கடற்கரையும் வந்தது. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வந்தது. அங்கே குளிர்கால விருந்தாளிகள் ஏற்கெனவே வருகிறார்கள்: பூநாரைகள். நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஏரியை நம்பி வாழும் மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை உரிமையுள்ள குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இதில் எல்லோருக்கும் உரிமை இல்லை என்பது போன்ற குறைகளை ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள்; அவை உண்மையானவை. ஆயினும் ஒன்று தெளிவு. நீர்ப்பரப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே பெயரும் முறையும் உண்டு. வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரிவது, வலை கட்டுபவர்க்கு விலாசங்களின் தொகுதி.

என் வாதத்தின் மையம் இதுதான். கடற்கரை நிலம் காலியாக இருப்பதில்லை, காலியாகச் சொல்லப்படுகிறது. பெயரறியாத அதிகாரிக்கும் முதலீட்டாளருக்கும் அது தரிசு. 2019இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடைப்பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. இந்நிலையில், பெயர்களைப் பதிவு செய்யாமல் விடுவது நடுநிலையாகாது; அது ஒரு தரப்பின் பக்கம் சாய்வதாகும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா வேலை தருகிறது. மாம்பழக்கூழ் ஆலையின் பருவக்கூலியை மட்டும் நம்பியிருக்கும் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு விடுதி வேலை சிறிதன்று. ஆட்டமும் குற்றவாளி இல்லை. 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், பிறர் ஆட அவர்களின் மட்டைப்பையைச் சுமந்து வளர்ந்தவர். ஆனால் வேலை என்ற வாதம், எந்த வேலை மறைந்து எந்த வேலை வருகிறது என்ற கணக்கோடு வர வேண்டும். கருவாடு உலர்த்தும் பெண்ணின் இடம் புல்தரையாகும்போது, அவருக்கு அதே இடத்தில் புல் வெட்டும் வேலை கிடைப்பதை வளர்ச்சி என்று மட்டும் எழுதி முடிப்பது ஆய்வாகாது.

ஆகவே ஆட்டத்தைத் தடைசெய்யக் கோரவில்லை. ஆட்டம் பிறந்த இடத்தின் நெறியை இங்கும் கேட்கிறேன். கடலோரத் திடல் எதுவாயினும், இசைவு தருமுன் அந்நிலத்தின் வழக்காற்றுப் பயன்பாடுகள் உள்ளூர்ப் பெயர்களோடு பதிவாக வேண்டும். நிலத்தடி நீரைத் தொடாமல் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் மட்டுமே புல் வளர வேண்டும்; அளவுமானி ஊராட்சியின் பார்வையில் இருக்க வேண்டும். கடலுக்குப் போகும் பாதைகள் எந்நாளும் திறந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் திடலே ஊருக்குத் திறக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் முடிவது இங்கே ஏன் முடியாது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு, மறுப்பவர்களுடையது.

மொழியியல், மானுடவியல், புவியியல் துறைகளின் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த களப்பணிக்குக் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ செல்லும்போது, உறவுப்பெயர்ப் பட்டியலோடு இடப்பெயர்ப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். வலை உலர்த்தும் மேடு, படகு ஏற்றும் துறை, மாடு இறங்கும் ஓடை, பெண்கள் சிப்பி பொறுக்கும் திட்டு: ஒவ்வொன்றின் பெயரையும், அதைச் சொன்னவர் எந்த மொழியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருவாய்ப் பதிவேட்டில் அவற்றுக்கு எதிரே ‘புறம்போக்கு’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பெயர்கள் அடங்கியிருக்கின்றன என்று நாம் எழுதி வைத்தால், நாளை ஒருவர் அந்நிலத்தைக் காலி என்று சொல்லும்போது, ஊராரின் கையில் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கும்.