கும்பினி அடிக்காத காசு

"பேராசை பெருநஷ்டம்" என்ற பழமொழியை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று ஸர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தால், அதை மனமார வரவேற்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊரில் ஒருவன் ஏமாந்து தெருவில் நிற்கிறான் என்று காதில் விழுந்ததும், காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே நாம் சொல்லி விடுகிற தீர்ப்பு அது. ஏமாற்றியவன் யார், எதைக் காட்டி ஏமாற்றினான், இப்போது எந்த ஊரில் கடை விரித்திருக்கிறான் என்ற கேள்விகளெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்கு அடியில் அமுங்கிப் போகின்றன. அவன் நிம்மதியாக அடுத்த பஸ் ஏறுகிறான்.

திண்டுக்கல் சீமையில் இப்படிப் பல குடும்பங்களைச் சுற்றி வந்திருக்கும் ஒரு காசைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பார்த்திராதவர்களுக்காக அதன் அங்க அடையாளம்: செம்பிலோ பித்தளையிலோ கனமான ஒரு வட்டத் துண்டு. ஒரு பக்கம் ஸ்ரீராமர் பட்டாபிஷேகம். அல்லது மலையைத் தூக்கிய அனுமார். அல்லது தாமரையில் லக்ஷ்மி. மறு பக்கம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி' என்றும், 'ஒரு அணா' என்றும், 1818 என்றும் பொறித்திருக்கும். கூடவே 'யு.கே.எல்.' என்று மூன்று எழுத்து. அதற்கு என்ன பொருள் என்பது அடித்தவனுக்காவது தெரியுமோ என்னவோ, அந்த ராமருக்குத்தான் வெளிச்சம். 1616, 1717 என்ற வருஷங்களிலும் இதே காசு உண்டு. எதுகை மோனையோடு கூடிய வருஷங்களில்தான் கும்பினியாருக்குக் காசு அடிக்கத் தோன்றும் போலிருக்கிறது!

இந்தக் காசைக் கொண்டு வருகிறவன் சொல்லும் கதையாவது: கும்பினியின் நாணயச் சாலையில் ரகஸ்யமாகச் சிலவே அடித்து, புழக்கத்துக்கு விடாமல் நிறுத்திக் கொண்ட காசு இது. உலகத்தில் ஏழோ எட்டோதான் மிச்சம். இதில் இரிடியம் கலந்திருக்கிறது. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும். அமெரிக்காவின் நாஸாக்காரர்கள் இதற்குக் கோடி கோடியாகக் கொடுக்கக் காத்திருக்கிறார்கள். 'ரைஸ் புல்லிங்' என்று இந்த வித்தைக்குப் பெயர்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும்: இந்தக் கதையின் கட்டுக்கோப்பு பிரமாதம். ஏனென்றால் இதற்குள் உண்மை ஒன்றிரண்டு, சோற்றில் கிடக்கும் கல் மாதிரி, இருக்கத்தான் செய்கிறது.

நாணயச் சாலை அடித்து, வெளியே விடாமல் போன காசுகள் உலகத்தில் உண்டு. அமெரிக்க நாணயச் சாலை 1933ஆம் ஆண்டு 4,45,500 இருபது டாலர் பொற்காசுகளை அடித்தது. அந்த வருஷமே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்க நாணயப் புழக்கத்தை நிறுத்தி விட்டார். காசுகள் வெளியே வரவில்லை, பின்னால் உருக்கப்பட்டன. சில மட்டும் கள்ளத்தனமாக வெளியேறின. துப்பறிகிறவர்கள் வருஷக் கணக்கில் அவற்றைத் துரத்தினார்கள். தனி மனிதர் ஒருவர் சட்டப்படி வைத்துக் கொள்ளலாம் என்று அனுமதி பெற்றது ஒரே ஒரு காசுதான். அது 2021இல் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போயிற்று. நல்லது. ஆனால் அந்தக் காசுக்கு ஜாதகம் இருக்கிறது. எந்தச் சாலையில் பிறந்தது, கூடப் பிறந்தவை எத்தனை, அவை எங்கே உருகின என்பதற்கெல்லாம் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அடித்து வெளியிடாத காசு வேறு. அடிக்கவே அடிக்காத காசு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நம் ஊர் ஆசாமி பாய் விரித்துப் படுத்திருக்கிறான்.

கும்பினியின் கணக்கைப் பார்ப்போம். 1616இல் கும்பினியாருக்குச் சூரத்தில் ஒரு கிடங்கு. சென்னைப் பட்டினத்தில் கோட்டை கட்ட அவர்கள் இடம் வாங்கியது 1639இல். அதற்கு இருபத்து மூன்று வருஷம் முன்னால் அவர்கள் ராமர் பட்டாபிஷேகத்தை அச்சுக் கோத்துக் கொண்டிருந்தார்களாம்! 1818இலோ, திண்டுக்கல் கும்பினியின் கைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இழந்த சீமைகளில் இதுவும் ஒன்று. நம் பாட்டன்மார் அப்போது கணக்குப் பார்த்தது வராகனிலும் பணத்திலும் காசிலும். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். வேடிக்கை என்னவென்றால், சென்னை மாகாணத்தில் வராகனைத் தள்ளி விட்டு வெள்ளி ரூபாயை மூல நாணயமாக வைத்ததும் இதே 1818இல்தான். நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் போட்டார்கள். அணா என்பது ரூபாயைப் பதினாறாகப் பிரித்துச் சொல்கிற கணக்குப் பெயர். 1835இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் என்று வந்த பிறகு கும்பினி செம்பில் அடித்தது அரையணா, காலணா, தம்பிடி. அவற்றில் இருப்பது கும்பினியின் சின்னம். சாமி படம் கிடையாது. 'ஒரு அணா' என்று முழு நாணயம் நம் கைக்கு வந்தது 1907இல், ஏழாம் எட்வர்ட் காலத்தில். அதற்குள் கும்பினி ஆட்சி போய் ஐம்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகி விட்டது.

"அப்படியானால் கும்பினி சாமி போட்டுக் காசு அடித்ததே இல்லையா?" என்று கேட்பீர்கள். அடித்தது! இங்கேதான் அந்த ஆசாமியின் சாமர்த்தியம். சென்னைக் கோட்டையில் அடித்த வராகனில் பெருமாள் உண்டு. தேவிமார் இருவரோடு நிற்கும் 'மூன்று சாமி வராகன்' ஒன்று. ஒற்றைப் பெருமாளும் பின்புறம் நட்சத்திரமும் உள்ள வராகன் ஒன்று. பின்னால் ஒரு பக்கம் கோபுரமும் மறு பக்கம் சாமியுமாக அடித்ததும் உண்டு. பக்தியால் அல்ல; நம் செட்டிமார் வேறு எதையும் நம்பி வாங்க மாட்டார்கள் என்பதால். 1755வாக்கில் இதே திண்டுக்கல்லில் பௌஜுதாராக இருந்த ஹைதர் அலி, பிறகு மைசூரை ஆண்ட போது, தன் பொன் வராகனில் சிவனையும் பார்வதியையும் அப்படியே விட்டு வைத்து, பின்புறம் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டார். சந்தைக்குத் தெரிந்த முகத்தை மாற்றுகிற அசட்டுத்தனம் அவரிடம் இல்லை. இந்தப் பொன் வராகன்கள் எல்லாம் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றரை கிராம் கூட இராது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் சங்க காலச் செப்புக் காசுகளும் அப்படித்தான்: பச்சை பூத்து, தேய்ந்து, அழகற்று இருக்கும். உண்மையான பழமைக்குத் தன்னை விளம்பரப்படுத்திக் கொள்ளத் தெரியாது.

அரிசி விஷயத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. செம்பு காந்தம் அல்ல, இரிடியமும் அல்ல. 1803இல் லண்டனில் ஸ்மித்சன் டெனன்ட் கண்டுபிடித்த அந்த உலோகம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். எந்தக் கன்னான் உலையிலும் அது செம்போடு சேராது. அரிசிக்கு இரும்புத் தூள் பூசிக் காய வைத்து, காசோடு ஒரு காந்தத்தை ஒளித்து வைத்தால் அரிசி வரும். வராமல் என்ன செய்யும்? நம் சட்டைப் பையில் கிடக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் கூடத்தான் காந்தத்தில் ஒட்டுகிறது. அதைக் கேட்டு நாஸாவிலிருந்து யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். இரண்டு ஆழ்குழாய்க் கிணறும் வற்றி, மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அந்த ஆசாமி வந்தான். பணம் கேட்கவில்லை. "அண்ணே, இது உங்க வீட்டுலதான் தங்கணும்னு இருக்கு. கொஞ்ச நாள் பூஜையில வைங்க, போதும்" என்று ராமர் பட்டாபிஷேகத்தைக் கையில் கொடுத்துப் போனான். பதினைந்து நாள் கழித்துத்தான் பரிசோதனைக் கட்டணம் வந்தது. பிறகு, பரிசோதனை செய்பவர் அணிகிற கதிர்வீச்சு உடுப்புக்கு வாடகை. பிறகு ரிசர்வ் வங்கிக்கு வரி. கிணற்றடி நிலம் போயிற்று. மகளுக்கென்று வைத்திருந்த நகை அடகுக்குப் போயிற்று.

வீட்டுக்கார அம்மாள் என்னிடம் சொன்னது இது: "பணம் போனா மழை பேஞ்சு வெள்ளாமை வந்தா எடுத்துரலாங்கய்யா. ஊருக்குள்ள எங்களைப் பேராசை புடிச்சவுகன்னு சொல்றாகளே, அதுக்கு எங்கிட்டுப் போறது?" அதனால்தான் அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. அந்த ஆசாமிக்கு நம் பழமொழி செய்து கொடுத்த உதவியை ஒரு வக்கீல் கூடச் செய்திருக்க முடியாது.

இது படிக்காத பட்டிக்காட்டு விவகாரம் என்று யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். 2018இல் தில்லிப் போலீஸார் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்தார்கள்; நாஸாவுக்கு விற்பதாகச் சொல்லி அவர்கள் கறந்தது 1 கோடியே 43 லட்சம் ரூபாய். ஏமாந்தவர் ஒரு தொழிலதிபர். பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்பதில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் வசூலிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கையே விட்டது. அதைச் சின்ன எழுத்தில் போடுகிற பத்திரிகைகள்தான், "உங்கள் வீட்டில் இந்தக் காசு இருக்கிறதா? நீங்கள் லக்ஷாதிபதி!" என்பதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. காசு கொண்டு வருகிற ஆசாமி அந்தப் பக்கத்தைத்தான் வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.

சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் வியாபாரம் திண்ணையிலேயே முடிந்திருக்கும். காசு உண்மையாகவே 1818ஆம் வருஷத்தது என்றால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. பூமியில் கிடைத்த புதையல் என்றால், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஆக, அந்த ஆசாமி சொல்வது மெய்யானால் ஒரு குற்றம், பொய்யானால் இன்னொரு குற்றம். அவன் நல்லவனாக இருப்பதற்கு வழியே இல்லை.

கோயில் வாசலில் ராமடங்கா என்று பூஜைக்கு விற்கிற காசுகளை நான் குறை சொல்லவில்லை. அவை பரம்பரையாக உள்ளவை. பணம் என்று யாரும் சொல்லி விற்றதில்லை. நான் கேட்பது, கும்பினியின் பெயரையும் இல்லாத வருஷத்தையும் போட்டுப் பட்டறையில் அடித்து, 'அபூர்வப் பழங்காசு' என்று பெட்டிக் கடையில் தொங்க விடுகிறார்களே, அதைப் பற்றி. அமெரிக்காவில் 1973இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பழங்காசு மாதிரி எதை அடித்தாலும் அதன் மேலேயே 'நகல்' என்று பொறிக்க வேண்டும். இங்கே அப்படிச் செய்ய என்ன தடை? மூன்றே எழுத்து. ஓர் அச்சும் ஒரு சுத்தியலும் இருந்தால் போதும். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் அந்த இரண்டுக்கும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.