கற்பிப்பவரே சான்றும் தந்தால்...



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் புதிய விளம்பரங்கள் முளைத்துவிடும். டி.சி.ஏ., எச்.டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ., டேலி, டி.டி.பி. என்று பட்டியல் நீளும். அண்மைக் காலமாக 'ஏ.ஐ.'யும் அதில் சேர்ந்துகொண்டது. 'நூறு சதவீதம் வேலை' என்ற வரி மட்டும் பல ஆண்டுகளாக மாறவே இல்லை.

இந்த வரியை நம்பிப் பணம் கட்டுகிறவர்களில் பலர், தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைகள். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான அரியூர் நாட்டை எண்ணிப் பாருங்கள். மிளகு, காப்பி, மரவள்ளி, வாழை ஆகியவற்றை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை ஆறு மாதக் கணினி வகுப்புக்காக நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ சேர்கிறாள் என்றால், செலவு கட்டணத்தோடு முடிந்துவிடாது. காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாள்தோறும் போய்வருவது எளிதன்று. கீழே தங்க இடம் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வீட்டில் இரண்டு கைகள் குறையும். இவ்வளவும் கொடுத்து அவள் வாங்கிவரும் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்? இதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எந்தச் சான்றிதழ் செல்லும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வின் வழியாகத் தட்டச்சர் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குத் தட்டச்சுத் தகுதியோடு, அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற சான்றிதழும் வேண்டும். அது கையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணி கிடைத்தால் தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அதைப் பெற்றாக வேண்டும்.

இங்கே கேட்கப்படுவது அரசுத் துறை தேர்வு வைத்துத் தருகிற சான்றிதழ். தனியார் சென்டர் தன் முத்திரையைக் குத்தித் தருகிற டி.சி.ஏ. அதற்கு ஈடாகாது. சேரும் நாளில் இதை விசாரித்து அறிகிற பெற்றோர் எத்தனை பேர்? 'பி.ஜி.டி.சி.ஏ.' என்ற அதே எழுத்துகளில் பல்கலைக்கழகமும் பட்டயம் தருகிறது, மாடி அறையில் நடக்கும் சென்டரும் தருகிறது. படிக்காத பெற்றோர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்கள்?

தட்டச்சு நிலையம் காட்டிய வழி

கணினி வருவதற்கு முன் நம் ஊர்களில் இருந்த தட்டச்சுப் பயிற்சி நிலையங்களை நினைத்துப் பாருங்கள். அவையும் தனியார் நடத்தியவைதாம். ஒரு சிறிய அறை, வரிசையாகப் பழைய இயந்திரங்கள், மாலையில் தெரு முழுவதும் கேட்கும் சத்தம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருந்தது. சொல்லிக்கொடுத்தது நிலையம், தேர்வு வைத்தது அரசு. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். சேலத்தில் படித்தாலும் சேந்தமங்கலத்தில் படித்தாலும் அளவுகோல் ஒன்றே. சரியாகக் கற்பிக்காத நிலையத்தின் மாணவர்கள் தேற மாட்டார்கள். அடுத்த ஆண்டு அங்கே சேர யாரும் வரமாட்டார்கள்.

கணினிப் பயிற்சி வணிகமாக வளர்ந்தபோது இந்தப் பிரிவு மறைந்துபோயிற்று. 1981-இல் என்.ஐ.ஐ.டி., 1986-இல் ஆப்டெக் என்று நிறுவனங்கள் தோன்றின. சென்னையில் எஸ்.எஸ்.ஐ. போன்றவை வந்தன. கிளை உரிமை பெற்று நடத்தும் முறையால் சிறு நகரங்கள் வரை வகுப்புகள் பரவின. இவற்றைப் பார்த்து உள்ளூர் சென்டர்களும் பெருகின. பாடத்திட்டம், கற்பித்தல், தேர்வு, சான்றிதழ் ஆகிய நான்கும் ஒரே கைக்குள் வந்தன. தன்னிடம் பணம் கட்டிய மாணவரைத் தானே தோல்வியடையச் செய்ய எந்த வணிகர் முன்வருவார்? நேர்மையாகக் கற்பித்த சென்டர்கள் பல உண்டு. அவர்களிடம் படித்து முன்னேறியவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ஆயினும் நல்ல சென்டரையும் மோசமான சென்டரையும் பிரித்துக் காட்டும் பொது அளவுகோல் மக்கள் கையில் இல்லாமல் போனது.

மாற்று வழி அறவே இல்லாமல் இல்லை. தனியார் நிலையங்களில் படிப்போருக்கும் பொதுத் தேர்வு நடத்துவதற்காக மத்திய அரசு 1990-இல் 'டோயக்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011-இல் அது 'நைலிட்' என்று பெயர் மாறியது. அதன் 'ஓ' நிலை, 'ஏ' நிலைத் தேர்வுகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் சுலபமான சான்றிதழ் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும்போது கடினமான பொதுத் தேர்வை எத்தனை பேர் தேடிப் போவார்கள்?

இதற்கிடையில் தொழிலின் போக்கும் மாறியது. 2000-ஆவது ஆண்டுக் கணினிச் சிக்கலையொட்டி எழுந்த அலை, 2001-இல் அமெரிக்கத் தகவல் தொழில்நுட்பச் சரிவோடு அடங்கியது. 2023-இல் என்.ஐ.ஐ.டி. இரண்டாகப் பிரிந்தது. பெரு நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் புதிய நிறுவனம், தாய் நிறுவனத்தைவிடப் பல மடங்கு வருவாய் ஈட்டுகிறது. வணிகம் வருவாய் உள்ள இடத்துக்குப் போவதில் வியப்பில்லை. ஆனால் மலைக்கிராமத்துப் பிள்ளையை யார் பொறுப்பில் விட்டார்கள் என்று நாம் கேட்கத்தானே வேண்டும்?

இது வேலை பற்றியது மட்டும் அன்று

சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை வழியாக விண்ணப்பிக்கிறோம். தேர்வாணையத்தில் பதிவு செய்வது இணையத்தில். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கணினி தெரியாத குடும்பம் தன் உரிமையைப் பெறுவதற்கே பிறரிடம் பணம் கொடுத்துக் காத்து நிற்கிறது. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தில் மட்டுமே கணினி இருந்தது. நகர்ப்புறங்களில் அது 23.4 சதவீதம். அதன்பின் கைப்பேசி பரவிவிட்டது உண்மைதான். ஆனால் கைப்பேசியில் படம் பார்க்கத் தெரிந்தவர் கணக்கு அட்டவணை போடத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார்.

இந்தக் குறையைப் போக்க 2017-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேர இலவசப் பயிற்சி அளித்தது. 2024 மார்ச் 31-ஆம் நாளுடன் அது முடிவடைந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றிருந்தனர். தேர்வில் தேறிச் சான்று பெற்றவர்கள் 5 கோடிக்கும் குறைவே. பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இந்த இடைவெளி, பொதுவான தேர்வு ஒன்று இருந்ததால்தான் நம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. உலகப் பொருளாதார மன்றம் 2025-இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை, மிக வேகமாகக் குறையப்போகும் பணிகளில் ஒன்றாக விவரப் பதிவுப் பணியைக் குறிப்பிடுகிறது. பல சென்டர்கள் இன்றும் விற்பது அந்தப் பணிக்கான பயிற்சியைத்தான்! திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் தம் பெயருக்கான காரணத்தை விளக்கியபோது, 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தார். செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களைக் கொண்டுவருகிறது என்றார். அந்தச் சவால் அரியூர் நாட்டின் வீடுகளுக்கும் உரியது.

நாம் என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். முதலாவது, தேர்வு வைப்பது யார்? சென்டரே என்றால், அந்தப் படிப்பைத் திறமைக்காகப் படிக்கலாம், சான்றிதழை நம்பிப் படிக்கக் கூடாது. இரண்டாவது, நாம் நாடும் வேலையின் அறிவிப்பில் இந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறதா? மூன்றாவது, பிள்ளை தனியாக ஒரு கணினியில் எத்தனை மணி நேரம் பழகும்? நைலிட்டின் அடிப்படைப் படிப்புகளில் ஒன்று 80 மணி நேரம் கொண்டது. 'ஆறு மாதம்' என்ற சொல்லைவிட இந்த மணிக்கணக்குதான் உண்மையைச் சொல்லும். நான்காவது, நாம் கையெழுத்திடுவது கட்டண ரசீதிலா, கடன் பத்திரத்திலா?

'வேலை உறுதி' என்ற பொய்யான விளம்பரங்களைப் பயிற்சி மையங்கள் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டுள்ளது. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பங்கு அளவிலும் செய்யக்கூடியது உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் கணினிப் பாடங்களைத் தமிழிலும் இலவசமாகத் தருகிறது. அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பயிலலாம். நம் பள்ளிகளின் கணினி அறைகள் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்க வேண்டுமா? சமயம் பாராமல் அவற்றை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, கணினி தெரிந்த இளையோர் இருவர் துணைக்கு இருந்தால் பாதிச் செலவு மிச்சமாகும்.

மீதிப் பாதி அரசின் கையில் இருக்கிறது. கொல்லிமலையில் அரசுப் பள்ளிகள் உள்ளன, செங்கரையில் ஏகலைவா உறைவிடப் பள்ளி உள்ளது. தொழில்நுட்பக் கல்வித் துறையின் கணினித் தேர்வுக்கான பயிற்சியும் தேர்வு மையமும் மலையிலேயே அமைய வேண்டும் என்று கிராமசபைகளில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று ஆண்டில் பலமுறை கிராமசபை கூடுகிறது. சாலையும் குடிநீரும் கேட்கிற அதே இடத்தில் இதையும் கேட்போம்.

அடுத்த தேர்வு முடிவுகள் வருவதற்குள், உங்கள் அன்பியத்தில் இந்த நான்கு கேள்விகளையும் ஒருமுறை பேசுங்கள். பணம் கட்டத் தயாராகும் ஒரு குடும்பமாவது அதைக் கேட்கட்டும்.