வெண்பன்றி வளர்ப்பு: லாபத்தைத் தீர்மானிக்கும் முதல் மூன்று நாள்கள்!

சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் தை, மாசி மாதங்களில் மன்னார்குடிப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பும். 'நெல்லை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. கூடவே என்ன செய்யலாம்?' என்பதுதான் அது. மாடு, ஆடு, கோழி என்று சுற்றிவரும் பேச்சு, சில சமயம் வெண்பன்றியில் வந்து நிற்கும்.

'ஒரு ஈத்துக்குப் பத்துக் குட்டி. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. ஏழெட்டு மாசத்துல ஒவ்வொண்ணும் 90 கிலோ. பக்கத்திலேயே அரிசி ஆலை. தவிடும் குருணையும் தாராளம்' என்று செல்போன் வீடியோக்கள் ஆசை காட்டுகின்றன.

சொல்வது பொய்யில்லை. ஆனால், அந்தக் கணக்கில் சில வரிகள் விடுபட்டிருக்கின்றன. கடன் வாங்கிக் கொட்டகை போடும் முன் அந்த வரிகளைப் படித்துவிடுவது நல்லது.

கணக்கு எங்கே மாறுகிறது?

பன்றிப் பண்ணைச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனம்தான். பால் மறந்த 10 கிலோ குட்டி 90 கிலோவாக வளர வேண்டும். ஒரு கிலோ எடை கூட மூன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்துக்கொண்டால், 280 கிலோ தேவை. தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் 8,400 ரூபாய். உயிர் எடைக்கு கிலோ 120 ரூபாய் கிடைத்தால் வரவு 10,800 ரூபாய். மிச்சம் 2,400 ரூபாய்.

இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால், இந்த 2,400 ரூபாயும் லாபமில்லை. குட்டியைப் பெற்ற தாய்ப்பன்றியும் வருடம் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 1,000 கிலோ என்றால் அதற்கே 30,000 ரூபாய்.

ஈத்துக்கு 9 குட்டி பிழைத்தால் வருடத்துக்கு 18 குட்டிகள். தாயின் தீவனச் செலவு ஒரு குட்டிக்கு ஏறக்குறைய 1,670 ரூபாய். பன்றிக்கு 700 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். ஆறு குட்டிதான் பிழைத்தது என்றால் வருடத்துக்கு 12. செலவு குட்டிக்கு 2,500 ரூபாய். மருந்து, கூலி, கரன்ட் சேர்ப்பதற்கு முன்பே 100 ரூபாய் நஷ்டம்!

ஆக, ஒரு ஈத்துக்கு மூன்றே மூன்று குட்டிகள்தான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே நிற்கின்றன.

அந்த மூன்று நாள்கள்

பால்குடிக் குட்டிகளின் சாவில் பெரும்பகுதி பிறந்த முதல் மூன்று நாள்களில் நடக்கிறது. காரணம் பெரும்பாலும் நோய் இல்லை. குளிரில் விறைத்துப்போவது, பால் கிடைக்காமல் சோர்வது, தாய் படுக்கும்போது அடியில் சிக்கி நசுங்குவது ஆகிய மூன்றும்தான்.

பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இணை சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்தால், எந்த ராத்திரி கண்விழிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்பே தாயைத் தனி அறைக்கு மாற்றிவிட வேண்டும்.

அந்த அறையில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்புக் குழாய் பொருத்தினால், தாய் சரிந்து படுக்கும்போது குட்டி ஒதுங்க இடம் கிடைக்கும். மூலையில் வைக்கோல் போட்டு பல்பு தொங்கவிட வேண்டும். சித்திரை வெயிலில் இது எதற்கு என்று தோன்றலாம். ஒன்றேகால் கிலோவில் பிறக்கும் குட்டிக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மார்கழிப் பனியில் இது உயிர்ப் பிரச்னை.

பிறந்த சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்க்க வேண்டும். மெலிந்த குட்டியை மார்புப் பக்கத்துக் காம்பில் விட வேண்டும். அங்கேதான் பால் அதிகம். பன்றிப் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு அது மண்ணிலிருந்தே கிடைத்துவிடும். சிமென்ட் தரையில் வளரும் குட்டிக்குக் கிடைக்காது. அதனால்தான் மூன்றாம் நாள் வாக்கில் இரும்புச்சத்து ஊசி போடச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள்.

மிச்சச் சாப்பாடு மிச்சம் பிடிக்குமா?

தீவனச் செலவைக் குறைக்க எல்லோரும் தேடிப்போவது ஹோட்டல், கல்யாண மண்டபங்களின் மிச்சச் சாப்பாட்டை. அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு ஈடாக ஏறக்குறைய நான்கு கிலோ தேவைப்படும். அப்படியும் லாபம்தான்.

ஆபத்தும் அந்த வாளியில்தான் வருகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பன்றி இறைச்சித் துணுக்குகளில் நெடுநாள் உயிரோடு இருக்கும். வேகாத மிச்சச் சாப்பாடுதான் உலகம் முழுக்க அந்த நோய் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று. எனவே மிச்சச் சாப்பாடு எதுவானாலும், கிளறிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, ஆறிய பிறகே போட வேண்டும். இறைச்சிக் கழிவைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. விறகுச் செலவுக்கு அஞ்சுபவர்கள் சாணத்திலிருந்து சாண எரிவாயு எடுத்து அதிலேயே வேகவைக்கலாம்.

இன்னொரு விஷயம், ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு அதிகம். தொட்டியில் தண்ணீர் வற்றினால் வலிப்பு வந்து பன்றி சாகும். டெல்டாவில் எளிதாகக் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடித்திருந்தால் விஷம். பழைய தவிடு சிக்குவாடை அடித்தால் அதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

வயநாடு சொன்ன பாடம்

2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டில் உறுதியானது. நூற்றுக்கணக்கான பன்றிகள் அழிக்கப்பட்டன. வெளி மாநிலங்களிலிருந்து பன்றி கொண்டுவர கேரளம் தடை போட்டது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இதே நோய் கண்டறியப்பட்டது.

இது மனிதர்களுக்குத் தொற்றாது. 2009-ல் உலகை உலுக்கிய மனிதர்களின் 'பன்றிக் காய்ச்சல்' வேறு, இது வேறு. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, அதைத் தவறாமல் போட வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நம் பண்ணைகளில் தடுப்பூசி கிடையாது. வேலியும் சுத்தமும்தான் தடுப்பூசி.

நோயே வராத பண்ணையையும் அந்தத் தடை பாதிக்கும். கேரளச் சந்தையை மட்டும் நம்பி, விற்கும் எடையில் 20 பன்றிகளை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தினம் 3 கிலோ சாப்பிட்டால், ஒரு மாதத் தாமதத்துக்கு 54,000 ரூபாய் தீவனச் செலவு. உள்ளூரில் வாங்கும் இறைச்சிக் கடைக்காரர் இரண்டு பேரையாவது கைவசம் வைத்துக்கொண்டுதான் தொழிலைத் தொடங்க வேண்டும்.

புதிதாக வாங்கிய பன்றியை மூன்று, நான்கு வாரம் தனியாக வைத்துக் கவனிப்பது, வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைப்பது, வியாபாரியின் வண்டியைக் கொட்டகை வரை விடாமல் இருப்பது ஆகியவை காசு அதிகம் கேட்காத காவல்கள்.

வெயில், வெள்ளம், கொசு

பன்றிக்கு வேர்த்துக் குளிர்ச்சி அடையும் வசதி கிடையாது. பங்குனி, சித்திரையில் மதியம் இரண்டு முறையாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். கூரையின் மேல் கீற்று பரப்பினால் சூடு குறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தரையை வயல் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலைப் பார்த்தவர்களுக்குக் கூரையைக் கட்டும் விதம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நெல் வயல் சூழ்ந்த ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சல். வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு, நாரைகளிடமிருந்து இந்த வைரஸை எடுக்கிறது. பன்றி உடலில் அது பல மடங்காகப் பெருகி, கொசு வழியே மனிதருக்கு வருகிறது. இந்தியாவில் முதல்முறையாக 1955-ல் வேலூரில்தான் இது மனிதர்களிடம் அடையாளம் காணப்பட்டது. ஆகவே கொட்டகை குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கொசுவலை அடித்திருக்க வேண்டும், கழிவுநீர் தேங்கக் கூடாது. பன்றியைத் தெருவில் மேயவிடாமல் கொட்டிலில் வளர்ப்பதால், வலிப்பு நோய்க்குக் காரணமாகும் நாடாப்புழுவின் சுழற்சியும் அறுபடும்.

'பன்றியா?' என்று முகம் சுளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் வாடையில்லாத கொட்டகைதான் சரியான பதில்.

தொடங்கும் முன்...

மன்னார்குடிக்காரர்களுக்கு நீடாமங்கலத்தில் வேளாண்மை அறிவியல் நிலையமும், மேற்கே ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பயிற்சியும் நோய் ஆலோசனையும் எப்போது கிடைக்கும் என்று நேரில் கேட்டுக்கொள்ளலாம். வெண்பன்றி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டுப்பாக்கம்.

தேசியக் கால்நடை இயக்கத்தில் மூலதனத்தில் 50 சதவிகிதம் மானியம் உண்டு. ஆனால், அது பெரிய பண்ணைகளுக்கானது. மானியத்தை நினைத்து நூறு தாய்ப்பன்றியோடு தொடங்குவதைவிட, மூன்று தாய், ஒரு ஆண் என்று தொடங்கி இரண்டு ஈத்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அந்த இரண்டு ஈத்துக்கும் ஒரு நோட்டு போதும். பிறந்தது எத்தனை, மூன்றாம் நாள் இருந்தது எத்தனை, பால் மறந்தது எத்தனை என்று எழுதி வாருங்கள். பால் மறந்தது ஈத்துக்கு எட்டு, ஒன்பது என்று வந்தால் அடுத்த கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டலாம். ஆறிலேயே நின்றால், காசைக் கொட்டகையில் போடாமல் அந்த மூலையில் பல்பும் குழாயும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.