பிடித்த வரி போய்ச் சேர்ந்ததா?
— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வருமான வரி என்றாலே அது செல்வந்தர் விவகாரம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. என் தந்தையார் தறி ஓட்டுபவர், வாரக் கூலி. அவர் அறிந்த பிடித்தமெல்லாம் வாங்கிய முன்பணத்துக்கான பிடித்தம்தான். ஆனால் அதை வாரந்தோறும் நாள்காட்டித் தாளில் குறித்து வைத்து, முதலாளியின் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டே வீடு திரும்புவார். பட்டம் பெற்றவர்களோ சம்பளச் சீட்டில் 'வரிப் பிடித்தம்' என்று அச்சிட்டிருந்தால் போதும், பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள்!

நண்பர்களே, பிடிப்பது வேறு, செலுத்துவது வேறு. 2012இல் பறப்பதை நிறுத்திய கிங்பிஷர் விமான நிறுவனம் ஊழியர்களிடம் பிடித்த வரியை அரசுக்குச் செலுத்தவில்லை. அங்கே வேலை பார்த்த விமானி ஒருவரிடம் வருமான வரித்துறை அதே வரியை மறுபடியும் கேட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். பிடித்த வரியை ஊழியரிடம் மீண்டும் கேட்கலாகாது என்று அன்று நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு கூறியது. அதன்படி 2021இல் குஜராத் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுக்கு முந்தைய சம்பளத்துக்காக வழக்காட நம்மில் எத்தனை பேரால் முடியும்?

"நமக்குத்தான் வரியே வராதே" என்று சிலர் சிரிக்கலாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை என்பது சரியே. ஆயினும் வேலைக்குப் போகும் இளைஞர் பலரை 'ஆலோசகர்' என்று எழுதிக்கொண்டு, சம்பளத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டி, நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். (ஆலோசனை கேட்பார் யாருமில்லை என்பது வேறு கதை.) மாதம் 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிடித்தம். எங்கள் வீட்டின் ஓராண்டு வாடகை அவ்வளவு வராது. வேறு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்தால் அது முழுதும் திரும்ப வேண்டிய பணம். அரசின் ஏட்டில் ஏறாத பணம் எளிதில் திரும்புமா?

ஏறியதா என்று பார்ப்பது கடினமன்று. ஒரு மாதம் பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை தவணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் எவ்வளவு பிடித்தது என்ற கணக்கையும் கொடுக்க வேண்டும். அதன் பிறகே நம் பான் எண்ணின் கீழ் தொகை ஏறும். வருமான வரித்துறையின் இணையதளத்தில், '26ஏஎஸ்' என்று நெடுங்காலம் வழங்கிவந்த அறிக்கையில், கட்டணமின்றி இதைக் காணலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்தது ஆகஸ்டில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே திருட்டு என்று கூவ வேண்டாம். பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். பிடித்தார்கள் என்பதற்கு அவையே சான்று.

இறுதியாண்டு மாணவருக்கு நேர்முகத் தேர்வில் எப்படி அமர வேண்டும் என்றெல்லாம் வகுப்பு நடக்கிறது. அதோடு ஒரு பிற்பகல், வணிகவியல் பேராசிரியர்கள் எங்களைக் கணிப்பொறிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று இந்த அறிக்கையைப் படிக்கக் கற்றுத் தர வேண்டும். அறிவியல் மாணவரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.