நூலக வரியும் கட்டி, சந்தாவும் கட்டுவதா?

சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் சொந்த வீடு வைத்திருப்பவர் தாம்பரம் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார். அதோடு சேர்த்து, வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகப் போகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறித்தான் வரும். அதே வீட்டில் படிக்கும் பழக்கமுள்ள மகளோ மகனோ இருந்தால், கைபேசியில் கிண்டில் அன்லிமிடெட் சந்தா மாதம் 169 ரூபாய்; ஆண்டுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். ஒலிநூல் கேட்கும் செயலிக்கு இன்னொரு சந்தா. சந்தாப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூலக வரிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வரி கட்டுகிறோமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

நூலக வரி வசூலிக்கும் அரசு, இன்று அச்சேறும் தமிழ் நூல்களின் மின்வடிவத்தை நூலக உறுப்பினர் அனைவருக்கும் இரவல் தர வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. இலவசங்களின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லவில்லை. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவன் பொருளைக் கேட்கிறான், அவ்வளவுதான்.

சந்தாச் சேவைகளைக் குறை சொல்வதற்கு முன் அவை செய்த நன்மையைச் சொல்லிவிட வேண்டும். அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழைத் திறந்தது. அதன் பிறகு, பதிப்பகத்தின் படியேறாத எத்தனையோ பேர் தங்கள் கதையைத் தாங்களே வெளியிட்டு வாசகரைப் பிடித்தார்கள். குடும்ப நாவல் எழுதும் பெண்கள் இதில் முன்னணியில் நிற்கிறார்கள். பிரதிலிபி போன்ற தளங்களிலும் இதுவே நடந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப் பணி முடித்து, ரேடியல் சாலை வழியாக விடியற்காலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு நூலகம் திறந்திருக்கும் நேரம் தூங்கும் நேரம். அவருக்குக் கைபேசிதான் நூலகம். கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். பார்வையற்றவர் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அச்சு நூல் மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் சந்தாவில் நாம் வாங்குவது என்ன? ஒரு சமயத்தில் 20 நூல்கள் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஒன்று வேண்டுமென்றால் கையில் இருப்பதில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். ஒரு மாதம் கையைக் கடிக்கிறது என்று சந்தாவை நிறுத்தினால் அத்தனையும் போய்விடும். ஐந்து வருடம் கட்டியவருக்கும் ஐந்து மாதம் கட்டியவருக்கும் மிஞ்சுவது ஒன்றுதான். தனியாக விலை கொடுத்து வாங்கிய மின்னூலுக்கும் பெரிய உத்தரவாதம் கிடையாது. 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் புகுந்தே அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30ஆம் தேதியோடு விற்பனையை நிறுத்தியது. நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் கடையைக் கட்டிவிடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மொழியின் வாசிப்பு முழுவதையும் அந்தக் கடையை நம்பி விடுவதுதான் தவறு.

எழுத்தாளருக்குக் கிடைப்பதையும் பார்க்க வேண்டும். தாங்களே நூல் வெளியிடுகிறவர்களுக்கு, கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் படித்த பக்கங்களைக் கணக்கிட்டுப் பணம் வருகிறது. பக்கத்துக்கு எத்தனை காசு என்பது மாதாமாதம் அமேசான் ஒதுக்கும் நிதியைப் பொறுத்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் ஒப்பந்தம் முடியும்வரை அதே மின்னூலை வேறு கடையில் விற்கக் கூடாது. பேரம் பேச இடமில்லாத ஒப்பந்தம் இது. தனியாக ஒரு எழுத்தாளர் அமேசானோடு பேரம் பேச முடியாது. தமிழ்நாடு அரசு பேசலாம்.

இரவல் நூல் நமக்குப் புதிதல்ல. மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நூலகத்தைக் கொண்டுபோனார். அந்தக் காலத்தில்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகச் சட்டத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலகத்துக்கும் வரி வாங்கலாம் என்று அது வழி செய்தது. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் கையேந்தி நிற்காமல் நூலகம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4,600 பொது நூலகங்கள் இருக்கின்றன. சில பத்து ரூபாய் காப்புத்தொகை கட்டினால் யாரும் உறுப்பினராகலாம். தனியார் தரப்பிலும் இந்தப் பழக்கம் இருந்தது. 1955இல் சென்னையில் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து வளர்ந்த குடும்பங்கள் இந்த நகரில் ஏராளம்.

இந்தப் பெருமையெல்லாம் கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்கு எப்படி உதவுகிறது? ஏரியும் வயலுமாக இருந்த ஊர், பல்லாவரம் நகராட்சியில் இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. அடுக்குமாடிகள் எழுந்த வேகத்தில் வாசிப்பு இடங்கள் எழவில்லை. மேடவாக்கம் பிரதான சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள், இரு பக்கமும் குறுகிப்போன சாலை, புழுதி, மாலையானால் ரேடியல் சாலைச் சந்திப்பில் நகராத வண்டிகள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் ஒன்பது மாடிகளில் நிற்கிறது. அதில் நுழைவதற்கு இந்தப் பிள்ளை பஸ் மாறிப் போய்வர வேண்டும். ஒரு புத்தகம் படிக்க அரை நாள் செலவாகும் என்றால் எந்த அம்மா அனுப்புவார்? அவள் கையில் இருக்கும் கைபேசிக்கு அந்த நூலகம் வந்துசேர வேண்டும்.

அரசு மின்னூலில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் தமிழ் மின்னூலகத்தில் அரிய நூல்களும் பழைய இதழ்களும் சுவடிகளும் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. எழுத்தாளரின் வாரிசுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் வைத்திருக்கிற மாநிலம் இது. 1998லேயே உலகெங்கும் உள்ள தமிழர்களைத் திரட்டி மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பணம் இல்லாமல், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே சங்க நூல்கள் முதல் கல்கி வரை இணையத்தில் ஏற்றினார்கள். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் அதே பணியைச் செய்துவருகிறது. இவ்வளவு இருந்தும், கல்கியின் பொன்னியின் செல்வனைச் சந்தா கட்டிப் படிப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அது நாட்டுடைமை நூல். மதுரைத் திட்டத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அவர்களுக்கு இதைச் சொல்ல யாருமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் மின்னூலகத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படமெடுத்துப் போட்ட கோப்புகள். கைபேசியில் திறந்தால், ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி, இடமிருந்து வலம் இழுத்து, மறுபடி இடப்பக்கம் வந்து அடுத்த வரியைத் தேட வேண்டும். பத்துப் பக்கத்தில் யாருக்கும் பொறுமை போய்விடும். ஆய்வாளருக்கு அது புதையல். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறவருக்கு அது உதவாது.

பழைய நூலின் நிலை இது. போன மாதம் வெளிவந்த நாவலோ, இப்போது எழுதிக்கொண்டிருப்பவரின் கட்டுரைத் தொகுதியோ வேண்டுமென்றால், கிளை நூலக உறுப்பினர் எண்ணைப் போட்டுக் கைபேசியில் இரவல் பெற வழியில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தமிழருக்கு அந்த வழி இருக்கிறது. அங்கே தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் தமிழ் மின்னூல்களை வீட்டிலிருந்தே இரவல் எடுக்கிறார்; தவணை முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிவிடுகிறது; அபராதமும் இல்லை. சில லட்சம் தமிழர்களுக்காக ஒரு சிறு நாடு செய்வதை, ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலம் செய்யாமல் இருப்பதற்குப் பணம் இல்லை என்பது காரணமாகாது. ஆய்விதழ்களுக்காக ஒன்றிய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களுக்காக அரசே மொத்தமாகச் சந்தா கட்டி, உலகப் பெரும் பதிப்பகங்களின் இதழ்களைத் திறந்துவிடுகிறது. அந்தத் திட்டத்தின் குறைகளைத் தனியே பேசலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே சந்தா கட்டுவதைவிட அரசு மொத்தமாகக் கட்டுவது மலிவு என்ற வாதத்தை டெல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

மின்னூலை இரவல் தந்தால் விற்பனை குறையும் என்ற பதிப்பாளர்களின் அச்சம் நியாயமானது. அச்சு நூலை நூலகம் வாங்கிவிட்டால் அது நூலகத்தின் சொத்து. கிழியும்வரை யாருக்கும் தரலாம். மின்னூல் அப்படியல்ல, உரிமத்தின் பேரில்தான் கிடைக்கிறது. ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் 2011இல், அமெரிக்க நூலகங்கள் ஒரு மின்னூலை 26 முறை இரவல் தந்ததும் மறுபடி வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. அதே நாட்டில், நூல்களை வருடி இரவல் தந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் மீது பெரும் பதிப்பகங்கள் வழக்குப் போட்டு 2023இலும், மேல்முறையீட்டில் 2024இலும் வென்றன. நூலகம் உரிமையாளரைக் கேட்காமல் செய்தால் இதுதான் நடக்கும். எனவே உரிமம் பெற்று, பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு நூலகத் துறையைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடையாது. அச்சுப் பிரதிக்கு நூலக ஆணை தரும்போதே மின்வடிவ உரிமத்துக்கும் தனி விலை பேசலாம். ஒரு உரிமத்துக்கு ஒரு வாசகர். அவர் திருப்பியதும் அடுத்தவர். ஒவ்வொரு இரவலுக்கும் எழுத்தாளருக்குச் சிறு தொகை. பிரிட்டன் 1979லேயே இதற்குச் சட்டம் போட்டது. அங்கே நூலகத்தில் தன் நூல் எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்ற மதிப்பீட்டின்படி, இரவலுக்குச் சில பென்ஸ் என்று எழுத்தாளர் கணக்கில் ஏறுகிறது. நம் எழுத்தாளருக்கு, தன் நூலை ஆயிரம் பேர் நூலகத்தில் எடுத்துப் படித்தாலும் அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் வருவதில்லை. அமேசான் பக்கத்துக்குக் காசு தருகிறது என்று அவர் அங்கே போனால், அவரைத் தடுக்க நமக்கு என்ன தகுதி?

களவுப் பிரதி பற்றிய பயமும் உண்டு. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் புது நூலின் பிடிஎஃப் சுற்றுவதைப் பதிப்பாளர்கள் வயிறெரிந்து பேசுகிறார்கள். அது திருட்டுதான். ஆனால் அந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பலர் படிக்க ஆசைப்பட்டு, கையில் காசில்லாமல், அருகில் நூலகமும் இல்லாமல் போனவர்கள். நேர்மையான வழி எளிதாகக் கிடைத்தால் அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் வருவார்கள் என்றே நம்புகிறோம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மின்னூல் வந்துவிட்டது, இனிக் கிளை நூலகம் எதற்கு என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுதிவிடக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்குப் புத்தகத்தைவிட முக்கியம், இரைச்சலில்லாத ஒரு மேசையும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும். ஓய்வு பெற்றவர் காலையில் நாலு பத்திரிகை புரட்டி நாலு பேரோடு பேச வருகிறார். ஓர் அறை வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கைபேசி அம்மாவுடையது. பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். இவர்களுக்குக் கட்டடமும் அலமாரியும் நூலகரும் வேண்டும்.

கீழ்க்கட்டளையில் அச்சு நூலையும் மின்னூலையும் ஒன்றாகக் கொடுக்க நல்ல வாய்ப்பு ஒன்று கண்ணெதிரே எழுந்துகொண்டிருக்கிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தில் இங்கே ஒரு நிலையம் வருகிறது. அதில் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போதே, நூலகத் துறைக்கும் ஓர் அறை ஒதுக்கிவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர் காலையில் புத்தகத்தைத் திருப்பிவிட்டு, மாலையில் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார். மின்னூல் கணக்கு தொடங்குவது எப்படி என்று முதியவருக்குச் சொல்லித்தரவும் அங்கேயே ஆள் இருக்கலாம். நிலையம் கட்டி முடித்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

இதற்கெல்லாம் வேண்டிய பணத்தின் கணக்கும் வெளியே வர வேண்டும். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது இந்த மாநிலத்தில் பழைய புகார். தாம்பரம் மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது, அதில் நம் பகுதிக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பதை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். பொது நூலக இயக்ககம், தமிழ்ப் பதிப்பாளர்களையும் எழுத்தாளர்களையும் அழைத்து, மின்னூல் இரவலுக்கான விதிகளை வகுக்கும் பேச்சை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அரையாண்டுக்கான சொத்து வரியைக் கட்டும்போது ரசீதை ஒருமுறை படியுங்கள். நூலக வரி என்று நீங்கள் கட்டிய தொகையைக் குறித்துக்கொண்டு, உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் போய் அதன் கணக்கைக் கேளுங்கள். அவர் தரும் பதிலை எங்களுக்கு எழுதுங்கள்; வெளியிடுகிறோம்.