புதிய "டிரங்க் கால்"

ஒரு காலத்தில் வெளியூருக்கு டெலிபோன் பேசுவதென்றால் "டிரங்க் கால்" போட வேண்டும். தபாலாபீசில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, லைன் கிடைக்கும்வரை பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். மூன்று நிமிஷம் தாண்டினால் மறுபடியும் காசு. ஆகவே, என்ன பேசுவது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டுதான் ஜனங்கள் பேசினார்கள்.

இன்றைக்கு வேறொரு "டிரங்க் கால்" வந்திருக்கிறது. குடிவெறியில் இருப்பவனை இங்கிலீஷில் "டிரங்க்" என்பார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது! இதற்குத் தபாலாபீசும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் கை தானாகவே போனைத் தேடுகிறது. மேஸ்திரிக்கு ஒரு வசவு, மச்சானுக்கு ஒரு சவால், என்றோ பிரிந்து போனவளுக்கு ஓர் அழுகை. விடிந்ததும் தலைவலியோடு போனைத் திறந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இந்தக் காரியத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் ஆசையோடு பேர் வைத்திருக்கிறார்கள். போதையில் போன் போட்டால் "டிரங்க் டயல்". செய்தி அனுப்பினால் "டிரங்க் டெக்ஸ்ட்". அதையும் சுருக்கி "டிரெக்ஸ்டிங்" என்று ஒட்டுச்சொல் செய்து சிரிக்கிறார்கள். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் முதல் செல்போன் குறுஞ்செய்தி போயிற்று. அதில் இருந்தது கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதற்குள் குடிகாரன் செய்திக்குத் தனி அகராதியே வந்துவிட்டது. 2008-இல் கூகுள் கம்பெனி தன் மின்னஞ்சலில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தது. வார இறுதியில் நடுராத்திரியில் கடிதம் அனுப்பப் போனால், சில எளிய கணக்குகளைப் போட்டுக் காட்டு என்று கேட்கும். கணக்கு வரவில்லையென்றால் கடிதம் போகாது. புத்தி தெளிந்திருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை!

சிரிக்க வேண்டிய விஷயம்தான், சிரிப்போம். ஆனால் இந்தச் சிரிப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

குடிக்கு வேடிக்கைப் பேர் வைப்பது புதிதல்ல. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1737 ஜனவரியில் தமது பத்திரிகையில் "குடிகாரர் அகராதி" ஒன்றை வெளியிட்டார். "அவன் குடித்திருக்கிறான்" என்று நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்லும் வார்த்தைகள் இருநூறுக்கு மேல் அதில் இருந்தன. அதற்கு அவர் சொன்ன காரணம் கூர்மையானது. பேராசை விவேகம் என்ற பேரில் உலவ முடியும். மற்றக் கெட்ட குணங்களும் இப்படி ஒரு நல்ல பேரைச் சூட்டிக்கொள்ளும். குடிவெறிக்கு அப்படி ஒரு நல்ல பேர் கிடைக்காது. வெட்கத்தை மறைக்கத்தான் இத்தனை மாறுவேஷ வார்த்தைகள்.

நம் ஊரில் மட்டும் குறைச்சலா? "தண்ணி" என்போம், "சரக்கு" என்போம், "மப்பு" என்போம். தொண்ணூறு மில்லி "கட்டிங்". குடிகாரனுக்குக் "குடிமகன்" என்று பட்டம். நாட்டின் பிரஜைக்கு உரிய பேரைக் குடிப்பவனுக்குக் கொடுத்துவிட்டுக் கை கொட்டிச் சிரிக்கிறோம்!

சொல் விளையாட்டு குற்றமல்ல. பாடுபடும் ஜனங்களின் சொத்து அது. நாத்து நடும் வயலிலும் தறி ஓடும் கொட்டகையிலும் பிறந்த கேலிச் சொற்களுக்குக் கணக்கில்லை. ஆனால் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று தீமையை வெளிச்சத்தில் நிறுத்தும். இன்னொன்று தீமைக்குத் தலையைத் தடவிக் கொடுக்கும். லண்டனில் புகையும் பனியும் சேர்ந்து மூச்சை அடைத்தபோது, இரண்டு வார்த்தைகளையும் ஒட்டி "ஸ்மாக்" என்றார்கள். 1905 வாக்கில் பரவிய சொல் அது. 1952 டிசம்பரில் அந்த ஸ்மாக் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. பேர் வைத்ததனால் எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். "டிரெக்ஸ்டிங்" எந்த வகை? "அது ஒன்றுமில்லை, சும்மா ஒரு டிரெக்ஸ்ட்" என்று தப்பித்துக்கொள்ள உதவுகிற வகை!

தப்பித்துக்கொள்வதும் எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. குளிர்சாதன ஆபீசில் இருக்கும் பெரிய உத்தியோகஸ்தர் ராத்திரி உளறினால், மறுநாள் அது நண்பர்களிடையே தமாஷ். மில் தொழிலாளி உளறினால்? வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு குரல் பதிவு, பொழுது விடிவதற்குள் மானேஜர் போனில் இருக்கும். நிலையாணைச் சட்டம் வந்த 1946 முதலே, "ஒழுங்கைக் குலைக்கும் செயல்" என்ற வாசகம் மாதிரி விதிகளில் இடம் பெற்றது. அந்த வாசகத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது விசாரணைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். போனஸ் கேட்டுப் பேச வேண்டிய வாய், ராத்திரி பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு நிற்கிறது! கரும்பு வெட்டப் போகிறவர் மேஸ்திரியைத் திட்டி ஒரு பதிவு அனுப்பினால், விசாரணைகூடக் கிடையாது. மறுநாள் கூப்பிட மாட்டான், அவ்வளவுதான். மேஸ்திரி மீது உள்ள கோபம் நியாயமாகவே இருக்கலாம். நியாயமான கோபத்தைப் பாட்டிலில் கரைத்து அனுப்பினால், கையில் மிஞ்சுவது எதிராளிக்குச் சாட்சியம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அனுப்புகிறவன் சிரிக்கிறான், வாங்குகிறவள் சிரிக்கிறாளா? மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் போனில் ராத்திரி பதினொரு மணிக்கு சூப்பர்வைசரின் செய்தி வந்து விழுகிறது. காலையில், "நேற்றுக் கொஞ்சம் மப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே" என்கிறார். தறியை நிறுத்துகிற அதிகாரமும் ஷிப்டை மாற்றுகிற அதிகாரமும் அவரிடம் இருக்கும்போது, அவள் மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பாள்? வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-இல் சட்டம் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உட்கமிட்டி, மற்றவர்களுக்கு ஜில்லாவில் உள்ளூர்க் கமிட்டி என்று அது சொல்கிறது. குடித்திருந்தால் மன்னிப்பு என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே, அந்தப் பெண் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கட்டும். நாம் அவள் பக்கம் நிற்போம்.

விற்கிறவனுக்கோ எந்தச் சங்கடமும் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைச் சாராய வியாபாரமும் சர்க்கார் கம்பெனியான டாஸ்மாக்கின் கையில். பாட்டிலில் அங்கே வருமானம். செய்தியில் போன் கம்பெனிக்கு வருமானம். சந்தி சிரிப்பது மட்டும் நம் குடும்பம்!

தொழிலாளி புதுச் சொல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் பிரஸ்டன் என்பது பஞ்சாலை நகரம். 1832 செப்டம்பர் 1 அன்று அங்கே ஏழு பேர் மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அடுத்த வருஷம் ரிச்சர்டு டர்னர் என்ற உழைப்பாளி ஒரு கூட்டத்தில் எழுந்து, அரைகுறையாக அல்ல, முழுக்க முழுக்க விடவேண்டும் என்று பேசினார். "டோட்டல்" என்பதை "டீ-டோட்டல்" என்றார். திக்கியதால் அப்படி வந்தது என்பார் சிலர். அழுத்திச் சொல்லும் ஊர்ப்பேச்சு என்பார் சிலர். எப்படியானாலும், குடிக்காதவனை உலகமே "டீடோட்டலர்" என்று அழைக்க அந்த ஏழையின் நாக்கு காரணமாயிற்று. அதே பிரஸ்டனில் 1842-இல் வேலைநிறுத்தக்காரர்கள் நாலு பேர் பட்டாளத்தின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1853-இல் பத்து சதவிகிதக் கூலி உயர்வு கேட்டு மாதக்கணக்கில் தொழிலாளர்கள் நின்றார்கள். கூலியைச் சாராயக் கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1883-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால், கூலிக்கும் கோப்பைக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

நாமும் சொல் செய்வோம், தோழர்களே. போதையில் எழுதி அனுப்புவதற்கு "மப்புமடல்" என்று பேர் வைக்கலாம். குரல் பதிவானால் "தள்ளாட்டத் தந்தி". விடிந்தபின் அதை அழிக்கப் படும் பாட்டுக்கு "வெட்கத் துடைப்பு". இவற்றைவிட நல்ல சொற்கள் உங்கள் ஷெட்டிலும் களத்துமேட்டிலும் இருக்கும். ஆனால் அவை பட்டமாகக் கொடுப்பதற்கல்ல, தடுப்பதற்கு. பக்கத்தில் இருப்பவன் போனைக் கையில் எடுக்கும்போது, "அண்ணே, மப்புமடல் போடாதீங்க, போனை இப்படிக் கொடுங்க, காலையில் வாங்கிக்கங்க" என்று சொல்ல ஒரு சொல் இருந்தால், உபதேசத்தைவிட அது சீக்கிரம் காதில் ஏறும்.

கூகுள் கம்பெனியின் கணக்கு நமக்கு வேண்டாம். நம்முடைய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த வாரக் கூலி எவ்வளவு, அதில் கடைக்குப் போனது எவ்வளவு, வீட்டுக்கு வந்தது எவ்வளவு? இந்தக் கணக்கை முதலில் போடுவோம். மேஸ்திரிக்கும் மானேஜருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைப் பகலில் சொல்வோம், தெளிந்த புத்தியோடு சொல்வோம், எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சொல்வோம்!