சானடோரியம் இறங்குறவங்க கவனத்துக்கு!

தாம்பரம் போகும் மின்சார ரெயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும், "சானடோரியம் இறங்கணும், வழிவிடுங்க!" என்று குரல் கேட்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது? தினமும் இறங்குகிறவரைக் கேட்டால், "யாருக்குங்க தெரியும்!" என்பார்.

அது ஒரு டாக்டரால் வந்த பெயர்.

டாக்டர் சவுரி முத்து, இங்கிலாந்தில் பெயர் எடுத்த நுரையீரல் நிபுணர். அங்கே மெண்டிப் மலையில் காசநோய் ஆஸ்பத்திரி நடத்தினார். கணித மேதை ராமானுஜனும் அங்கு சிகிச்சை பெற்றார். பிறகு ஊர் திரும்பிய டாக்டர், 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கையோடு சானடோரியம் தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. இதுதான் வைத்தியம்!

1937-ல் அரசாங்கம் அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக ஆஸ்பத்திரி.

காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் வேறொரு எமன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். நாள்பட்ட மூச்சடைப்பு நோய்! பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, தூசி எல்லாம் சேர்ந்து நுரையீரலை அரிக்கின்றன. கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் புகையை விட்டு, ஒழுங்காக மருந்து எடுத்தால் நோயை அடக்கி வைக்கலாம்.

நம்ம ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? "வயசாச்சு, இருமல் வரத்தானே செய்யும்" என்று கடையில் டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள். டாக்டர் இன்ஹேலர் கொடுத்தால், "அய்யய்யோ, பழகிப்போயிடும்!" என்கிறார்கள்.

பழகாது. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு முறை இழுப்பது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. பயப்பட என்ன இருக்கிறது?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. நல்ல காரியம். அதே அக்கறை இழுப்புக்காரர் மீதும் வேண்டும். குழாயில் ஊதினால் நுரையீரலின் பலத்தைச் சொல்லும் 'ஸ்பைரோமீட்டர்' கருவி வட்டாரத்து ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும். இன்ஹேலர் தட்டில்லாமல் கிடைக்கவேண்டும். தினக்கூலிக்காரர் அதற்காக ஒருநாள் சம்பளத்தை இழந்து பெரியாஸ்பத்திரிக்கு அலையக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளி பரிசோதனை செய்யுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? டாக்டரைப் பாருங்கள்.

மருந்தே இல்லாத காலத்தில் 12 படுக்கை போட்டார் ஒரு டாக்டர். மருந்து இருக்கிற காலத்தில் நாம் மூச்சுத் திணறிச் சாவதா?